கல் சுமந்தவர்களுக்கு நாகநதியில் என்ன பாத்தியதை?

வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போகிறவர்கள் கண்ணமங்கலத்தை ஒரு கூட்ரோடாகத்தான் அறிவார்கள். ஆரணிக்குப் பிரிகிற சாலை, நாலு கடைகள், மேற்கே ஜவ்வாதுமலை. அந்த மலையில் பிறந்து, இந்த ஊர்ப் பக்கம் இறங்கி, பிறகு கமண்டல நதியோடு கலந்து, கமண்டல நாகநதி என்ற பெயரில் ஆரணியைக் கடந்து செய்யாற்றில் சேரும் ஓர் ஆறு உண்டு என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்கு 2021 செப்டம்பர் 26-ல்தான் தெரிந்தது. உலக நதிகள் நாளான அன்று, பிரதமர் தன் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் நாகநதியைக் குறிப்பிட்டார். பல ஆண்டுகள் வறண்டு கிடந்த ஆற்றை வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பெண்கள் கால்வாய் வெட்டியும் தடுப்பணை கட்டியும் கிணறு தோண்டியும் மீட்டதாகப் பாராட்டினார்.

அந்தப் பாராட்டுக்கு அந்தப் பெண்கள் முழுக்கத் தகுதியானவர்கள். ஆனால் பாராட்டு வேறு, பாத்தியதை வேறு. ஆற்றுக்குக் கல் சுமந்தவர்களுக்கு அந்த ஆற்றின் மீது என்ன உரிமை இருக்கிறது? நாளைக்கே மணல் அள்ள ஒருவர் வண்டி ஓட்டி வந்தால் ‘அள்ளாதே’ என்று சொல்லி நிறுத்தும் சட்ட அதிகாரம் அவர்களிடம் இருக்கிறதா? இல்லை. இந்தக் குறையைத் தீர்க்காமல் நாகநதி மீண்டுவிட்டது என்று சொல்வது அவசரம்.

நடந்த வேலை என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். வாழும் கலை அமைப்பு திட்டம் வகுக்க, நூறு நாள் வேலைத் திட்டம் கூலி கொடுக்க, சுமார் 20,000 பெண்கள் பல ஆண்டுகளில் முறைவைத்துச் செய்த வேலை இது. வட ஆர்க்காட்டு மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இதன் தேவை எளிதில் புரியும். மேலே சில அடிக்கு மண், அதன் கீழே நொறுங்கிய பாறை, அதற்கும் கீழே வெடிப்பு விட்ட கருங்கல். இதுதான் இங்கே நிலத்தின் அமைப்பு. மலையில் பெய்கிற மழை கானாறுகளில் சில மணி நேரத்தில் உருண்டோடிவிடும். அது நின்று நிதானித்தால்தான் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கும். காடு அடர்த்தியாக இருந்த காலத்தில் வேரும் சருகும் அந்த நிதானத்தைக் கொடுத்தன. காடு மெலிந்த பிறகு அந்த வேலையைக் கல்லைக் கொண்டு செய்யவேண்டியிருக்கிறது.

அதனால் மேல்பகுதி ஓடைகளில் கற்களை அடுக்கித் தடுப்பு போட்டார்கள். சிமெண்ட் பூசாத வெறும் கல் அடுக்கு அது. தண்ணீரை அடைத்து நிறுத்தாது, வேகத்தை மட்டும் உடைக்கும். கீழே, ஓடையை ஒட்டி, நீர் செறிவூட்டும் கிணறுகள். கடப்பாரையும் மண்வெட்டியும் பாண்டுச் சட்டியுமாக இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல் ஆழமாகக் குழி தோண்டுவார்கள். வார்த்து வைத்த சிமெண்ட் உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கி, உள்ளே கூழாங்கல் நிரப்புவார்கள். வெள்ளம் வரும்போது ஓடைத் தண்ணீர் கூழாங்கல் வழியே வடிந்து நொறுங்கிய பாறைக்குள் போகும். நூறு நாள் வேலை என்றாலே ஏரிக்கரையில் புல் செதுக்குவது என்று பேசிப் பேசிக் கொச்சைப்படுத்திய ஊர் நம்முடையது. இங்கே பெண்கள் கம்பி வளைத்து, அச்சில் கலவை கொட்டி, உறையைத் தாங்களே வார்த்தார்கள். கொத்தனார் வேலை என்று ஆண்களுக்கு ஒதுக்கி வைத்திருந்த ஒன்றைச் சித்தாள் கூலிகூட ஒழுங்காகக் கிடைக்காதவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆறு ஒருபக்கம் இருக்கட்டும், இதுவே பெரிய மாற்றம் என்பேன்.

அதே சமயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2021 நவம்பரிலோ பாலாற்றில் பல பத்தாண்டுகள் காணாத வெள்ளம் போனது. வறட்சியையும் வெள்ளத்தையும் இரு முனைகளாக வைத்து ‘அன்று இப்படி, இன்று இப்படி’ என்று படம் காட்டினால், மழை கொடுத்ததையும் மனிதர் கொடுத்ததையும் பிரித்தறிய முடியாது. செறிவூட்டும் கிணறுகளின் உண்மையான சோதனை, அடுத்து வரப்போகும் வறண்ட ஆண்டில்தான். அந்த ஆண்டில் அவை பயன்பட வேண்டுமானால், அதற்குள் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் மேலே படியும் வண்டலை வழிக்க வேண்டும். கூழாங்கல்லை எடுத்து அலசிப் போட வேண்டும். சரிந்த கல் அடுக்கைத் திரும்ப அடுக்க வேண்டும். யார் செய்வது? யார் பணத்தில்? திட்டக் கோப்பில் வேலை ‘முடிந்தது’ என்று எழுதிய மறுநாளிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

இந்த ஆறு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். மலைமேல் காடு வனத்துறையுடையது. ஆற்றுப் புறம்போக்கு வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆற்றைப் பராமரிப்பது நீர்வளத் துறை. ஆறு நிரப்பும் ஏரிகளில் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்டவை நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. மணல் என்றால் கனிமவளத் துறை. போதாக்குறைக்கு, 1989-ல் வட ஆர்க்காடு பிரிந்தபோது ஆறும் இரண்டாகப் பிரிந்தது. மேலே கணியம்பாடிப் பக்கம் வேலூர் மாவட்டம், கண்ணமங்கலத்திலிருந்து திருவண்ணாமலை மாவட்டம். கண்ணமங்கலமோ பேரூராட்சி. அங்கே நூறு நாள் வேலையும் கிடையாது, கிராம சபையும் கிடையாது. மேலே உள்ள ஊர்ப் பெண் கிராம சபையில் எழுந்து ஆற்றைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். அதே ஆற்றங்கரையில் கண்ணமங்கலத்தில் வாழ்கிற பெண்ணுக்கு அந்த வாசலும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தின் கிராம ஊராட்சிகளிலோ 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் என்று போய் நிற்க ஓர் ஆள் இல்லாத நிலை.

காசி மலைக் கிராமங்களில்

மேகாலயாவின் காசி மலைகளில் ‘இது யாருடையது’ என்ற கேள்வியைக் கேட்டால் ஊரே சிரிக்கும். அங்கே பெரும்பகுதிக் காடு அரசுடையது அல்ல. ஊருக்கும் குலத்துக்கும் தனியாருக்கும் சொந்தம். எந்தக் காட்டில் விறகு எடுக்கலாம், எதில் வீட்டுக்கு மரம் வெட்டலாம், எதில் ஒரு சருகைக்கூடத் தொடக் கூடாது என்பதை ‘தொர்பார்’ எனும் ஊர்ச்சபை தீர்மானிக்கிறது. மௌப்லாங் கோயிற்காட்டிலிருந்து எதையும் வெளியே எடுத்துப் போவதில்லை என்ற கட்டு இன்றும் நிற்கிறது. அரசியல் சாசனத்தின் ஆறாவது அட்டவணை, நிலத்தையும் காட்டையும் பற்றிச் சட்டம் செய்யும் அதிகாரத்தைத் தன்னாட்சி மாவட்டக் கவுன்சிலுக்குக் கொடுத்திருக்கிறது. காசி மலைக் கவுன்சில் 1958-லேயே காடுகளுக்கென்று தனிச் சட்டம் செய்தது. அதே மௌப்லாங் வட்டாரத்தில், உமியம் ஆற்றின் மேல் நீர்ப்பிடிப்பில், 10 பாரம்பரியச் சிற்றரசுகளைச் சேர்ந்த 62 கிராமங்கள் ஒன்றுகூடி 2011 முதல் காட்டைக் காத்து, அது சேமிக்கும் கரியமில வாயுவுக்கு ஈடாகப் பணம் பெறுகின்றன. தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, மேய்ச்சலைக் கட்டுப்படுத்துவது, கன்றுகள் தானாக முளைத்தெழ இடம் விடுவது, கல்குவாரியைத் தள்ளிவைப்பது எல்லாம் ஊர் பேசி எடுத்த முடிவுகள். வேலை செய்கிறவரும் முடிவு எடுக்கிறவரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். கன்று பட்டுப்போனால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் அங்கே வராது.

அதற்காகக் காசி மலையைச் சொர்க்கம் என்று நினைத்துவிடக் கூடாது. ஊர்ப் பொது நிலம் தனியார் கைக்கு மாறுவது அங்கே பல காலமாக நடக்கிறது. மேகாலயாவில் நிலம் ஊருடையது, குலத்துடையது என்ற அதே ஏற்பாட்டின் கீழ்தான் எலிவளைச் சுரங்கங்களும் பெருகின. 2014-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத் தடை விதிக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை இது: காசி சமூகம் தாய்வழிச் சமூகம். குடும்பச் சொத்து கடைசி மகளுக்குப் போகிறது. ஆனால் மரபுப்படி ஊர்ச்சபையில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் ஆண்கள். நிலம் அவள் பெயரில், தீர்ப்பு அவன் வாயில்.

நாகநதியில் நிலைமை இதற்கு நேர் எதிராகத் தெரியும். உள்ளே பார்த்தால் ஒன்றுதான். இங்கே பெண்களிடம் நிலமும் இல்லை, தீர்ப்பும் இல்லை, உழைப்பு மட்டும் இருக்கிறது. அந்த உழைப்பில் மேலேறிய நிலத்தடி நீரை முதலில் இறைப்பவர் ஆழமான போர் போட வசதி உள்ளவர். விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம் கிடைக்கும் மாநிலத்தில், 2003-ல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தையும் 2013-ல் திரும்பப் பெற்றுக்கொண்ட மாநிலத்தில், அவரைக் கேட்பதற்கு எந்த வழியும் இல்லை. செறிவூட்டும் கிணறு தோண்டியவளின் தெருக்குழாயில் கோடையில் தண்ணீர் வராமல், அடுத்த கழனியில் கரும்பு பாய்ந்தால், ஆறு யாருக்காக மீண்டது?

பழைய ஏற்பாடும் புதிய குழுக்களும்

உடனே குடிமராமத்தையும் உத்திரமேரூரையும் எடுத்துப் பேசுவது நம் வழக்கம். பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தைச் சொல்கிறது; உண்மை. ஏரிக்கு வண்டல் எடுக்கவும் கரை அணைக்கவும் ஊர் கூடியது, அதுவும் உண்மை. ஆனால் அந்த வாரியத்தில் உட்கார நிலமும் மனையும் வேத அறிவும் வேண்டியிருந்தது. பிற்காலத்தில் மதகைத் திறந்து மூடி, இரவெல்லாம் வாய்க்காலில் நடந்து, தண்ணீர் பங்கிட்ட நீர்கட்டிகளும் கம்புகட்டிகளும் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டவர்கள். அவர்கள் பங்கிட்ட தண்ணீர் போன வயலில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு காணி இல்லை. 1858-ல் ஆங்கில அரசு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து, ஊர் மரபாக இருந்ததைத் தண்டனைக்குரிய கடமை ஆக்கியது. உழைப்பை மட்டும் ஊரிடம் வைத்துவிட்டு, அதிகாரத்தை வருவாய்த் துறைக்கு எடுத்துக்கொண்டது. அந்தப் பிரிவினை இன்றுவரை தொடர்கிறது. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் திரும்பத் தொடங்கி, செலவில் 10 விழுக்காடு விவசாயிகள் பங்களிப்பு என்றது. பங்கு கேட்டது ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடம். நிலமற்ற கூலிப் பெண் அந்தச் சங்கங்களில் உறுப்பினராகவே முடியாது.

காட்டுப் பக்கமும் இதே கதை. 1997-ல் ஜப்பான் நிதியுதவியுடன் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. ஊர்தோறும் கிராம வனக்குழு அமைத்தார்கள், குழி வெட்டினார்கள், தடுப்பணை கட்டினார்கள், கடன் கொடுத்தார்கள். குழுவின் செயலாளர் வனத்துறை ஊழியர். நிதி நின்றதும் பெரும்பாலான குழுக்கள் பெயர்ப்பலகையோடு நின்றன. திட்டம் முடிந்த பிறகும் குழு உயிரோடு இருக்க வேண்டுமானால், அதற்கென்று சொந்தமாக ஓர் அதிகாரம் வேண்டும். அது அன்றும் கொடுக்கப்படவில்லை.

நாகநதி பிறக்கும் ஜவ்வாதுமலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். சாமையும் கேழ்வரகும் விதைப்பவர்கள். புளியும் தேனும் கடுக்காயும் எடுப்பவர்கள். ஊர்க்கவுண்டர், நாட்டார் என்று தங்களுக்குள் ஒழுங்கு வைத்திருந்தவர்கள். 1882-ன் சென்னை வனச் சட்டத்தில் காடு காப்புக்காடு ஆனபோது, அந்த ஒழுங்கு காட்டின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டது. சந்தன மரத்துக்குப் பெயர்பெற்ற மலை, மரமும் இழந்து, மரத்தைக் காக்கும் உரிமையும் இழந்த மலை ஆனது. மானாவாரிச் சாமையில் வயிறு நிரம்பாமல் மேஸ்திரி கொடுக்கும் முன்பணத்துக்கு மரம் வெட்ட ஆந்திரம் போனவர்கள் எத்தனையோ பேர். 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் பலர் ஜவ்வாதுமலையிலும் அதன் அடிவாரத்திலும் இருந்து போனவர்கள். மற்றவர்களில் பலர் தருமபுரியின் சித்தேரி மலைக்காரர்கள். அந்தச் சாவுகளை மரக்கடத்தல் செய்தியாக மட்டும் படித்து நாம் கடந்துவிட்டோம். தன் மலையின் மரத்தில் உரிமை இருந்திருந்தால், இன்னொரு மலையின் மரத்தை வெட்டக் கூலிக்குப் போக வேண்டிய அவசியம் அவர்களில் எத்தனை பேருக்கு வந்திருக்கும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ன் வன உரிமைச் சட்டம், ஊர்க் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. நீர்ப்பிடிப்புப் பகுதிகளும் நீராதாரங்களும் காக்கப்படுவதை உறுதிசெய்யும் பொறுப்பையும் அதே சபைக்குக் கொடுக்கிறது. நாகநதிக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் வேறில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மெண்டா லேகா என்ற சிறு கிராமம் இந்தச் சட்டத்தில் 2009-லேயே சமூக வன உரிமை பெற்று, 2011-ல் தன் மூங்கிலைத் தானே விற்கும் அனுமதிச் சீட்டையும் வாங்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவதே பல ஆண்டுகள் தடைபட்டு, 2016-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் வழி பிறந்தது. அதன் பிறகும் தனிநபர் பட்டாக்களைப் பற்றித்தான் பேச்சு. ஊருக்கே காட்டை நிர்வகிக்கும் உரிமை என்பது மேடையில் சொல்லப்படுவதோடு சரி. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி கிடையாது என்பதால், 1996-ன் பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டமும் இங்கே எட்டவில்லை. ஆகவே வன உரிமைச் சட்டம் ஒன்றுதான் மலைக்கு மிச்சமிருக்கும் பிடி.

இராஜஸ்தானின் அர்வாரி, நாகநதிக்கு முன்னே நடந்த பாடம். அல்வார் மாவட்டத்தில் வற்றிப்போன அந்தச் சிற்றாற்றைத் தருண் பாரத் சங்கத்தின் துணையோடு கிராம மக்களே ‘ஜோஹட்’ என்னும் மண் தடுப்புகள் கட்டி மீட்டார்கள். ஆற்றில் தண்ணீர் நின்றது, மீன் வந்தது. மீன் வந்த பிறகு அரசு வந்தது. 1996-ல் மீன்பிடிக் குத்தகையை வெளியார் ஒருவருக்குக் கொடுத்தது. வறண்டு கிடந்தபோது எட்டிப் பார்க்காத அரசுக்கு, மீண்ட பிறகு ஆறு சொந்தமாகிவிட்டதா என்று மக்கள் கேட்டார்கள். எதிர்ப்பில் குத்தகை ரத்தானது. அவர்கள் அதோடு விடவில்லை. 1999-ல் சுமார் 70 கிராமங்கள் சேர்ந்து அர்வாரி நதி நாடாளுமன்றம் அமைத்தன. ஆற்றிலிருந்து நேரே மோட்டார் வைத்து இறைப்பது, தண்ணீர் குடிக்கும் கரும்பு போன்ற பயிர் வைப்பது முதலியவற்றுக்குத் தங்களுக்குள் கட்டு விதித்தன. சட்டத்தின் முத்திரை அந்த மன்றத்துக்கு இல்லை. ஊரின் ஒப்புதல் இருந்தது. பொது வளத்தை அரசும் சந்தையும் மட்டுமே காக்க முடியும் என்ற நம்பிக்கையை ஆராய்ந்து மறுத்த எலினார் ஆஸ்ட்ரம், 2009-ல் பொருளாதார நோபல் பெற்றார். பயன்படுத்துகிறவர்கள் தாங்களே விதி செய்துகொள்ளும் இடத்தில்தான் விதி மதிக்கப்படுகிறது என்பதை அவர் உலகெங்கும் உள்ள பாசனங்களிலும் காடுகளிலும் காட்டினார்.

நாகநதிக்கு என்ன செய்யலாம்? இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் சேர்ந்து கூட்டும் ஒரு நதி மன்றம் அமைக்கலாம். மலைக் குக்கிராமங்கள், அடிவார ஊராட்சிகள், கண்ணமங்கலம் பேரூராட்சி மூன்றுக்கும் அதில் இடம் வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் ஆற்றில் வேலை செய்த பெண்கள் இருக்க வேண்டும். அதிலும் நிலமில்லாதவர்களை நில உடைமையாளர் பின்னுக்குத் தள்ளிவிடாதபடி இடம் ஒதுக்கியாக வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் மன்றம் பழைய ஆயக்கட்டுச் சங்கத்தின் மறுபதிப்பாகிவிடும். செறிவூட்டும் கிணறுகளையும் கல் அடுக்குகளையும் ஆண்டுதோறும் பழுதுபார்க்கும் வேலையை, திட்டக் கூலியோடு, மன்றமே ஒதுக்கட்டும். மணல் எடுக்கவோ ஆற்றோரம் ஆழ்துளைக் கிணறு போடவோ மனு வந்தால் அதன் ஒப்புதல் இல்லாமல் எந்தத் துறையும் கையெழுத்திடக் கூடாது. ஆலோசனைக் குழு என்று பெயர் வைத்து ஆண்டுக்கொரு முறை தேநீர் கொடுத்து அனுப்புவதானால், அமைக்காமலே இருக்கலாம்.

இது அவசரம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. நாகநதி வேலைக்குக் கூலி கொடுத்த 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. நாட்கள் 125 என்று கூடியிருக்கின்றன. செலவில் 40 விழுக்காட்டை மாநிலம் ஏற்கவேண்டியிருக்கிறது. நிதி நெருக்கடியில் எந்த வேலை முதலில் வெட்டப்படும் என்பது நமக்குத் தெரியாததல்ல. திறப்பு விழா இல்லாத பராமரிப்பு வேலைதான் வெட்டப்படும். அந்த நேரத்தில் ‘எங்கள் ஆற்றின் வேலையை நிறுத்தாதே’ என்று அதிகாரத்தோடு சொல்ல ஓர் அமைப்பு வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கூடுவது. கணியம்பாடியிலும் ஜவ்வாதுமலையிலும் கண்ணமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து வரும் மார்ச் 22 அன்று சபைக்குப் போங்கள். கல் சுமந்த பெண்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள். ஊரிலுள்ள செறிவூட்டும் கிணறுகளின் கணக்கையும் இன்றைய நிலையையும் வாசிக்கச் சொல்லுங்கள். நாகநதி மன்றம் வேண்டும் என்ற தீர்மானத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, அது எழுதப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.